எட்டுக் குட்டிகளுக்கு வரன் பார்த்த கதை

போன வாரம் எங்கள் வீட்டில் பால் மீந்துவிட்டது.

கோமதி பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இத்தன பாலை வெச்சுட்டு என்ன பண்றது?" என்று கேட்டாள். கணவனும் மனைவியும் ஒரு பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். நாலு மாதமாக இந்த வீட்டில் பால் மீந்ததே கிடையாது. ஊற்றி முடிப்பதற்குள் காலி!

குடித்தது யார் என்கிறீர்களா? அதைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் குடியிருக்கும் கணபதி பகுதியில், பக்கத்து வீட்டில் ஒரு ஸ்பின்னிங் மாஸ்டர் குடியிருந்தார். மில்லில் நூற்புப் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. தனி ஆள். அவருக்குத் துணையாக ஒரு கிரேட் டேன். நீங்கள் இந்த ஜாதியைப் பார்த்திருக்கிறீர்களா? நாய் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். நின்றால் என் இடுப்பு உயரம். முன்னங்கால்களைத் தூக்கி என் தோளில் வைத்தால், நான்தான் அதை அண்ணாந்து பார்க்க வேண்டும். வெள்ளை உடம்பில் யாரோ மைப்புட்டியைக் கவிழ்த்த மாதிரி திட்டுத் திட்டாகக் கறுப்பு. மாஸ்டர் அவளுக்கு வைத்த பெயர் டச்சஸ். எங்கள் தெருவுக்கு அவ்வளவு நீளம் கட்டுப்படியாகவில்லை. 'டச்சு' என்று சுருக்கிவிட்டார்கள்.

மாஸ்டருக்கு வடக்கே ஒரு மில்லில் வேலை கிடைத்தது. "ஊடு அமையற வரைக்கும் டச்சஸை வெச்சிருங்க சார். வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றார். பிஸ்கட் போட்டுப் பழகிய பாவத்துக்கு, சரி என்றோம். அவர் ரயில் ஏறிய இரண்டு வாரத்தில் அவள் வயிறு பெருக்க ஆரம்பித்தது. டாக்டர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "வாழ்த்துக்கள்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று புரியவில்லை.

ஸ்கூட்டர் நிறுத்துகிற ஷெட்டைக் காலி செய்து, வைக்கோலும் சாக்கும் விரித்துக் கொடுத்தோம். ஒரு காலைப் பொழுதில் தொடங்கி மத்தியானத்துக்குள் எட்டுக் குட்டி. ஏழு அம்மாவைப் போலவே திட்டுத் திட்டாக. எட்டாவது மட்டும் முழு வெள்ளை. ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

"ஒண்ணு மட்டும் கவனிச்சுக்குங்க" என்றார் டாக்டர். "இந்த ஜாதியில தாய் தெரியாம மேல படுத்துடும். குட்டி நசுங்கிப் போறது உண்டு."

அத்தனை பெரிய உடம்பு... உள்ளங்கை அகலக் குட்டிகள்... எப்படி? ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். டச்சு தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். குட்டிகள் சாக்கு முழுக்கச் சிதறிக் கிடந்தன. அவள் உள்ளே கால் வைக்கவில்லை. மூக்கால் ஒவ்வொன்றாக உருட்டி ஒரு மூலைக்கு ஒதுக்கினாள். ஒதுக்கியதை ஒருமுறை முகர்ந்து சரிபார்த்தாள். பிறகு ஒரு காலை மடித்தாள். நிறுத்தினாள். அடுத்த கால். நிறுத்தினாள். ஒட்டகம் உட்கார்வதைச் சினிமாவில் மெதுவாக ஓட்டிக் காட்டிய மாதிரி... வைக்கோல் சரசரக்கவில்லை! அவள் முழுசாகப் படுத்து முடித்தபோதுதான் நான் மூச்சே விட்டேன்.

ஆனை பலம் உள்ளவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை இவ்வளவு ஜாக்கிரதையாகக் கையாண்டவர்களை அதிகம் பார்த்ததில்லை.

மாஸ்டரோடு எஸ்.டி.டி. போனில் பேசினேன். "குட்டிகளை நல்ல இடமாப் பாத்து நீங்களே குடுத்துருங்க சார். உங்க இஷ்டம்" என்றார். இஷ்டமா? பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதுகூட இதைவிட எளிது. அங்கே அவர்கள்தான் நம்மைக் கேள்வி கேட்பார்கள். இங்கே நாங்கள் கேட்டோம்.

ஒருவர் வந்தார். "கோழிப் பண்ணைக்கு வேணும். சங்கிலில கட்டிப் போட்டா கத்துமில்ல?" என்றார். கோமதி காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள். எங்கள் ஊரில் அது சாதாரண அவமானம் அல்ல! இன்னொரு தம்பதி மாடி போர்ஷனில் குடியிருந்தார்கள். குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, "இது இதே சைஸ்லயே இருக்குமுங்களா?" என்று கேட்டார்கள். நான் வாயால் சொல்லவில்லை. பின்பக்கம் அழைத்துப் போய் டச்சுவைக் காட்டினேன். மடியில் இருந்ததைப் பத்திரமாகக் கீழே இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

ஆனால் நல்ல வரன்களும் வந்தன. கோபிசெட்டிபாளையத்தில் வாழைத் தோட்டக்காரர் ஒருவர் இரண்டைக் கேட்டார் – ஒன்று தனியாக இருந்தால் ஏங்கிப் போகுமாம். பெருந்துறையில் சிறு தொழிற்சாலை வைத்திருக்கும் ஒருவர் மனைவி மக்களோடு வந்து, எல்லோருக்கும் பிடித்த பிறகுதான் சரி என்றார். தீபாவளி கழிந்து அனுப்புகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். புது இடத்தில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டுவிடக் கூடாதே என்ற கவலை.

அந்தத் தீபாவளிதான் எங்களுக்கு வேறு ஒரு விஷயத்தைக் காட்டியது.

காலையில் எதிர் வீட்டுக்காரர்கள் சரம் போட்டார்கள். ஆயிரம் வாலா. தெருவே கிழிந்தது. ஏழு குட்டிகளும் வாலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்து, கட்டிலுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. டச்சுவுக்கும் அடியில் புக ஆசைதான். தலை மட்டும்தான் நுழைந்தது.

வெள்ளைக் குட்டியைக் காணோம்.

பதறிப்போய் வெளியே ஓடினேன். கேட்டுக்குப் பக்கத்தில், வெயிலில், நாலு காலையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. பத்தடி தூரத்தில் அணுகுண்டு வெடிக்கிறது. காது அசையவில்லை. கோமதி என் பின்னால் வந்து நின்றாள்.

"இதுக்குக் காது கேக்காதுங்க" என்றாள் மெதுவாக.

டாக்டர் வந்து, குட்டியின் முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டினார். விசில் ஊதினார். அது நீல நிறக் கண்ணால் என் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தது. "அப்பன், ஆத்தா ரெண்டும் இந்தத் திட்டு நிறமா இருந்தா சில குட்டி முழு வெள்ளையாப் பொறக்கும். அதுல பலதுக்குக் காது கேக்காது" என்றார்.

"இத்தனை நாள் எங்களுக்குத் தெரியவே இல்லையே டாக்டர்?"

அவர் டச்சுவைக் காட்டினார். "அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். பாத்துட்டே இருங்க."

பார்த்தேன். மற்றக் குட்டிகளைக் கூப்பிட அவள் தொண்டைக்குள் ஒரு முனகல் விடுவாள். அவை ஓடி வரும். வெள்ளையைக் கூப்பிட வேண்டுமென்றால்? அதன் பக்கத்தில் போய், முன்னங்காலால் தரையை ஓங்கித் தட்டினாள். ஒரு தட்டு. தூங்கிக்கொண்டிருந்தது தலையைத் தூக்கியது. வால் ஆடியது. எழுந்து அம்மாவிடம் போனது. நாங்கள் இத்தனை நாளும் அவள் தட்டுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஏதோ கால் உதறுகிறாள் என்று நினைத்திருந்தோம்! படித்த இரண்டு பேருக்கும் ஒரு டாக்டருக்கும் தெரியாமல், ஒரு தாய் தன் குட்டிக்குத் தனியாக ஒரு பாஷை போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

தீபாவளிக்குப் பிறகு ஏழும் கிளம்பின. வெள்ளை மட்டும் நின்றுவிட்டது. வந்தவர்கள் எல்லோருக்கும் முதலில் கண் போவது அதன் மேல்தான். அவ்வளவு அழகு. காது விஷயத்தைச் சொன்னதும் கண் வேறு பக்கம் போய்விடும்.

மாஸ்டருக்குப் போன் செய்தேன். நிலைமையைச் சொன்னேன். அவர் சொன்னார். "சார்... இது பெரிய ஜாதி. காது கேக்காம வளந்து, யாராவது பின்னாலருந்து தொட்டு, மிரண்டு கடிச்சுதுன்னா என்ன ஆகும்? வளக்கறவங்க எல்லாம் ஊசி போட்டுருவாங்க. டாக்டர்கிட்டயே சொல்லிருங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது."

அவர் கெட்டவர் இல்லை. பயத்தில் சொன்னார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. எங்களால் வைத்துக்கொள்ளவும் முடியாது – ஹவுஸ் ஓனர் ஏற்கெனவே இரண்டு முறை வந்து, குட்டி என்று சொன்னீர்களே, இது என்ன கன்றா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். பொங்கலுக்குள் ஷெட்டைக் காலி செய்தாக வேண்டும்.

போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். கோமதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

"ஊசியெல்லாம் கெடையாதுங்க" என்றாள். "எடம் பாருங்க."

அவ்வளவுதான். விவாதம் முடிந்தது.

அப்போதுதான், பத்திரிகையில் நான் வாராவாரம் எழுதும் இந்தப் பக்கத்தின் கடைசியில் நாலு வரி எழுதினேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். காது கேட்காத ஒரு பெரிய குட்டி, அன்பான வீடு தேவை என்று. ஆறுதல் சொல்லி நிறையப் பேர் எழுதினீர்கள். 'ஐயோ பாவம்' நிறைய வந்தது. வீடு வரவில்லை.

மார்கழி பிறந்த சமயத்தில் ஒரு வேன் வாசலில் வந்து நின்றது. உள்ளே துணிப் பொதிகள். முன் சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கினார். நாற்பது வயது இருக்கும். புடவைத் தலைப்பெல்லாம் பஞ்சுத் தூசி.

"ஏனுங்க! அந்தக் காது கேக்காத குட்டி இருக்குதுங்களா, போயிருச்சுங்களா?" என்று கேட்டார். கேட்டார் என்ன... தெருவில் நாலு ஜன்னல் திறந்தது!

பெயர் ருக்மணி. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறார். கணவர் வேனில் துணி கொண்டு போய்ப் போட்டு வருவார், தறிக்குடோன், அதாவது தறிகள் ஓடும் கூடம், முழுக்க இந்த அம்மாள் பார்வையில்.

"நம்ம குடோன்ல எந்த நாயும் நிக்கறதில்லீங்க" என்றார் அதே சத்தத்தில். "இதுவரைக்கும் எத்தனையோ கொண்டாந்து பாத்துட்டேன். மோட்டாரைப் போட்டதும் ஒரே ஓட்டம். எனக்கானா நாய் இல்லாம முடியாதுங்க. சின்னதுலருந்தே அப்படி."

நான் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டுமென்று, "இதைக் கூப்பிட்டா வராதுங்க. திட்டினாலும் தெரியாது. கையாலதான் எதையும் சொல்லோணும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "என்னங்க இப்படிச் சொல்றீங்க! தறி ஓடறப்ப நாங்க எல்லாருமே செவுடுதானுங்களே? காலைல உள்ள போனா, கையிலதானுங்க பேச்சே."

கோமதி என்னைப் பார்த்தாள். நான் கோமதியைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் இது ஏன் தோன்றவே இல்லை?

இருந்தாலும் கோமதி லேசில் விடுகிறவள் அல்ல. "தறிக்குள்ள கால் கீல் சிக்கிட்டா?" என்றாள். வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார் ருக்மணி. "மூலைல கம்பி வலை அடிச்சு வெச்சிருக்கறேன் அம்மணி. புடிக்கலீன்னா அதே வேன்ல திருப்பிக் கூட்டிட்டு வந்துருங்க."

போனோம். குடோனுக்குக் கால் ஃபர்லாங் முன்னாலேயே சத்தம் வந்துவிட்டது. வாசலுக்கு வந்தபோது சத்தம் காதில் இல்லை, நெஞ்சில் இருந்தது. இரண்டு வரிசைத் தறிகள். ஒவ்வொன்றிலும் நூலை உள்ளே வைத்த நாடாக் கட்டை இங்கும் அங்கும் அறைந்துகொண்டு ஓடுகிறது. கோமதி என் காதில் வாய் வைத்து ஏதோ கத்தினாள். இதுவரை என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

குட்டியை இறக்கிவிட்டோம். அது வாசற்படியில் நின்றது. ஒரு பாதத்தை உள்ளே வைத்தது. சட்டென்று எடுத்தது. அந்தப் பாதத்தையே பார்த்தது. மறுபடி வைத்தது... எடுக்கவில்லை. இன்னொரு பாதம். தரை முழுக்க அதிர்ந்துகொண்டிருந்தது. அதன் வால் ஆட ஆரம்பித்தது. வலை அடித்த மூலைக்கு ருக்மணி அழைத்துப் போனதும் அடிவயிறு தரையில் படும்படி படுத்துக்கொண்டது. மோவாயையும் தரையில் அழுத்தி வைத்தது. கண் சொக்கியது.

தூங்கிவிட்டது. அந்தச் சத்தத்தில்! நாங்கள் இருவரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். கோமதியின் கன்னத்தில் தண்ணீர். தூசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் கண்ணிலும் தூசி.

வேன் எங்களை மட்டும் திருப்பிக் கொண்டுவந்து விட்டது.

போன வாரம் மாஸ்டர் வந்து சேர்ந்தார், டச்சுவை அழைத்துப் போக. ரயிலுக்கு நேரம் நிறைய இருந்தது. "அந்த வெள்ளைய ஒரு தடவை பாத்துட்டுப் போகணும் சார்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். வாடகை வேன் ஒன்றில் டச்சுவையும் ஏற்றிக்கொண்டு சோமனூர் போனோம்.

டச்சு குடோன் பக்கமே வரவில்லை. வேப்பமரத்து நிழலில் நடுங்கிக்கொண்டு நின்றுவிட்டாள். ருக்மணி வாசலில் நின்றபடி உள்ளே பார்த்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தக் கோடியில் ஒரு வெள்ளை உருவம் எழுந்தது. அடேயப்பா, அதற்குள் என்ன வளர்த்தி! இரண்டு தறி வரிசைக்கும் நடுவே, பாதை நடுவாக, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்து வந்தது. ருக்மணி உள்ளங்கையைக் கீழே தாழ்த்தினார். உட்கார்ந்தது. தறி ஓட்டுகிறவர்கள் வேலையை விடாமலே சிரித்தார்கள்.

பிறகு அது அம்மாவைப் பார்த்தது.

அந்த ஓட்டத்தை எப்படி எழுதுவது? மரத்தடியில் இரண்டும் மோதிக்கொண்டன. டச்சுவின் நடுக்கம் நின்றுவிட்டது. அதன் முகம், காது, கழுத்து எல்லாவற்றையும் நக்கினாள். ஒரு பாகம் விடாமல் சரிபார்த்தாள். அப்புறம் ருக்மணியிடம் வந்து, இரண்டு கைகளையும் வெகு நேரம் முகர்ந்தாள். என்ன தெரிந்துகொண்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அவள் பாஷை தெரியாது. முகர்ந்து முடித்துவிட்டுத் தானாகப் போய் வேனில் ஏறிக்கொண்டாள்.

குட்டி தன் மூலைக்குத் திரும்பிப் போய்ப் படுத்தது. மாஸ்டர் வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ருக்மணியோடு குடோனைத் தாண்டிச் சத்தம் குறைந்த இடத்துக்கு வந்ததும்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

"பையனா இருந்தப்பலருந்து மில்லுல இருக்கேன் சார். இந்தச் சத்தத்துல ஒரு உசுரு இத்தன நிம்மதியாத் தூங்கி நான் பாத்ததே இல்ல." குடோனைத் திரும்பிப் பார்த்தார். "நல்லவேளை... நீங்க என் பேச்சைக் கேக்கல."

"நான் கேட்டிருப்பேன் மாஸ்டர். கோமதிதான் கேக்கல" என்றேன்.

அவர் ருக்மணியிடம் திரும்பி, "பேரு ஏதாச்சும் வெச்சீங்களா?" என்றார்.

"வெள்ளிங்கிரிங்க."

வெள்ளை நிறத்துக்கு எங்கள் ஊர் மலையின் பெயர். பொருத்தம்தான். ஆனாலும் எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. "காது கேக்காதவனுக்குப் பேரு எதுக்குங்க?"

"அவனுக்கு இல்லீங்க, எங்களுக்குத்தான்" என்றார் ருக்மணி. "அவன் எங்கிருக்கறான்னு நாங்க ஒருத்தர ஒருத்தரு கேட்டுக்கோணுமில்லீங்களா?"

"தறிச் சத்தத்துல அதை எப்படிக் கேப்பீங்க?"

அவர் எங்களை மறுபடி வாசலுக்கு அழைத்துப் போனார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, விரல் நுனிகளைச் சேர்த்து, மலை உச்சி மாதிரி பிடித்துக் காட்டினார்.

குடோன் முழுக்க இருந்த ஆட்கள், தறியை விட்டு நகராமலே, ஒரே மூலையைக் கை காட்டினார்கள்.

பெயர் வாங்குவது என்றால் அப்படி வாங்க வேண்டும்!